ஆற்றுநீர் உடன்படிக்கைக்குக் காவல் எது?

ஆறு எல்லை அறியாது. மலையில் பிறந்து, பள்ளம் கண்ட வழியே நடந்து, கடலைச் சேர்வது அதன் இயல்பு. எல்லையை வகுப்பவர்கள் மக்கள். வகுத்த எல்லைக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று, ஒரே நீரை 'எமது' என்று உரிமை கொண்டாடும்போது உடன்படிக்கை தேவைப்படுகிறது. உடன்படிக்கை எழுதுவது அரிய செயல். எழுதியபடி நீர் விடச் செய்வது அதனினும் அரிய செயல். கையெழுத்தும் முத்திரையும் பெற்ற ஓர் ஏடு, கோடைக் காலத்தில் ஒரு மதகைத் திறக்க வல்லதா? வல்லது எனின், அந்த வன்மை அதற்கு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளைக் கற்பதற்குச் சித்தூரிலும் திருப்பதியிலும் பயிலும் தமிழ் மாணவர்களைப் போல வாய்ப்புப் பெற்றவர் சிலரே எனலாம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பம் வட்டாரத்தின் வழியே, பாலாறு தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. திருப்பதி மாவட்டத்தின் கிழக்கே, காளத்தி, சத்தியவேடு பகுதிகளைத் தொட்டுக்கொண்டு, கிருஷ்ணா ஆற்றின் நீர் கால்வாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. முன்னது இயற்கை தந்த ஆறு. 1892ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதற்கு உண்டு. பின்னது மனிதன் வெட்டிய வழி. 1983ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதற்கு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாடுகளுக்கு இடையே எழும் நீர்ச் சிக்கல்களையும் நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

ஏரி கற்பிக்கும் பாடம்

முதலில் நம் ஊர் ஏரிக்கரைக்குச் செல்வோம். தொண்டை நாட்டில் ஏரிகள் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேலேரி நிரம்பி, அதன் கலிங்கல் வழியே வழிந்த நீர் கீழேரிக்குப் போகும். கலிங்கலின் உயரம் இவ்வளவு என்று கல்லிலேயே வகுத்திருப்பர். மேலூரார் சிலர் இரவோடு இரவாகக் கலிங்கலின்மேல் மண்மூட்டையை அடுக்கினால், கீழேரி அந்த ஆண்டு நிரம்பாது. அதனால்தான் கலிங்கலின் உயரத்தைப் பற்றி ஊருக்கு ஊர் வழக்குகள் எழுந்தன.

ஓர் ஏரிக்குள்ளேயும் இதே நிலைதான். தலைமடைக்காரனுக்கு நீர் முன்னே வரும். கடைமடைக்காரன் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் நடுவே நீர்க்கட்டி என்பவன் ஒருவன் இருப்பான். மடையைத் திறப்பதும் அடைப்பதும், இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறை வைப்பதும் அவன் வேலை. அவன்மேல் குறை இருந்தால் ஊர்க்கூட்டத்தில் முறையிடலாம்.

இந்த எளிய அமைப்பில் மூன்று கூறுகள் உள்ளன. கலிங்கற்கல் என்னும் அளவு. நீர்க்கட்டி என்னும் ஆள். ஊர்க்கூட்டம் என்னும் அவை. அளவு, ஆள், அவை ஆகிய இம்மூன்றில் எது குறைந்தாலும் முறை குலையும். உலகத்துப் பெரிய நீர் உடன்படிக்கைகளையும் இந்த மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம்.

பாலாறும் 1892ஆம் ஆண்டும்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அது கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கடலில் கலக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய பகுதிகள் அதனை நம்பியவை. வாலாசாவை அடுத்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களே காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி முதலிய பேரேரிகளை நிரப்புவன. சித்தூர் நகரையொட்டி ஓடும் நீவா நதியும் கீழே பொன்னையாறு என்ற பெயருடன் பாலாற்றில் வந்து சேர்கிறது.

1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னை அரசும் மைசூர் அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் முதற்பட்டியலில் காவிரி, துங்கபத்திரை, தென்பெண்ணை உள்ளிட்ட 15 ஆறுகள் உள்ளன. பாலாறும் அவற்றுள் ஒன்று. இந்த ஆறுகளின் குறுக்கே சென்னை அரசின் முன் ஒப்புதலின்றி மைசூர் அரசு புதிய பாசனத் தேக்கங்கள் கட்டலாகாது என்பது விதி. அதே வேளையில், ஏற்கெனவே நிலைபெற்ற உரிமையைக் காப்பதற்கன்றி வேறு காரணத்துக்காகச் சென்னை அரசு ஒப்புதலை மறுக்கலாகாது என்றும் விதித்தனர். கருத்து வேறுபாடு எழுந்தால், இரு அரசும் ஏற்கும் நடுவரிடமோ இந்திய அரசிடமோ முடிவுக்கு விட வேண்டும்.

இதனை நம் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்ப்போம். அவை உண்டு, நடுவர் என்னும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஆள் இல்லை. ஆண்டுதோறும் கூடி மேற்பார்க்கும் நிலையான குழு எதுவும் ஏற்படுத்தப்படவில்லை. அளவும் இல்லை, எல்லையில் இத்தனை கன அடி நீர் வர வேண்டும் என்ற கணக்கு அதில் கிடையாது. 'கேளாமல் கட்டாதே' என்பதே அதன் சாரம்.

காவிரியில் அந்த அவை வேலை செய்தது. கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் முனைந்தபோது சென்னை மறுத்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. 1914இல் வெளியான தீர்ப்பைச் சென்னை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. இறுதியில் 1924இல் புதிய உடன்படிக்கை உருவாயிற்று. பாலாற்றின் ஊழ் வேறாக அமைந்தது. அங்கே வந்தது ஒரே பேரணை அன்று. ஏரிகளும் சிறு தடுப்பணைகளுமாக நீர் மெல்ல மெல்ல மேலேயே நின்றுவிட்டது. கோலார்ப் பக்கத்தில் பேதமங்கலம் ஏரி முதலியவை நீரைத் தேக்குகின்றன. குப்பம் பகுதியிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது. எல்லாம் சேர்ந்தபோது ஆறே மாறிப்போயிற்று. அளவு குறிக்காத உடன்படிக்கையால் இத்தகைய சிறு இழப்புகளைக் காணவும் இயலாது, எண்ணவும் இயலாது.

வாரிசு யார்?

இங்கே மற்றொரு சிக்கல் உண்டு. மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1892இல் கையெழுத்திட்டவர்கள் சென்னையும் மைசூரும். அன்று குப்பம் பகுதி வடார்க்காட்டைச் சேர்ந்த கங்குந்தி ஜமீனில், அதாவது சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் பட்டாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை மீண்டும் திருத்தப்பட்டது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று.

ஆகவே ஒரு வினா எழுகிறது. கட்டுப்பட்டவர் மைசூர், பயன் பெற்றவர் சென்னை. பயன் பெற்றவரின் நிலத்திலேயே ஒரு பகுதி பிரிந்து தனி மாநிலத்தைச் சேர்ந்துவிட்டால், அந்தப் பகுதி பழைய உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டதா? கட்டுப்பட்டதே என்று தமிழ்நாடு வாதிடுகிறது. 1892இன் சொற்களை மட்டும் கொண்டு ஆந்திரத்தைக் கட்ட இயலுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கவும் இடமுண்டு. நம் பக்கத்து வாதத்தை மட்டும் அறிந்தவன் வழக்கில் பாதியையே அறிந்தவன்.

உலக அரங்கில் இதற்கு ஒப்பான ஒரு வழக்கு உண்டு. டான்யூப் ஆற்றில் அணைகள் கட்ட அங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977இல் உடன்படிக்கை செய்தன. 1989இல் அங்கேரி வேலையை நிறுத்தியது. 1992இல் எதிர்த்தரப்பு ஆற்றின் நீரைத் தன் பக்கம் திருப்பியது. 1993இல் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே இரண்டாகப் பிரிந்து, ஆற்றங்கரைப் பகுதி ஸ்லோவாக்கியாவுக்கு வந்தது. உடன்படிக்கை செய்த நாடு மறைந்தபின் உடன்படிக்கை நிற்குமா? நிற்கும் என்று 1997 செப்டம்பர் 25ஆம் நாள் உலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தோடும் ஆற்றோடும் ஒட்டிய உடன்படிக்கை, அரசு மாறினாலும் நிலத்தோடு செல்லும் என்பது அதன் கருத்து. இரு தரப்பும் உடன்படிக்கையை மீறின என்றும், மீறியதால் உடன்படிக்கை சாகவில்லை என்றும், இருவரும் கூடிப் பேச வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் அதன்பின் பேச்சு பல்லாண்டு நீண்டது. நீதிபதி உரிமையை உரைக்கலாம். நீரைப் பங்கிடும் வேலை பங்காளிகளுடையதே என்பதை அவ்வழக்குக் காட்டுகிறது.

நீதிமன்றத்தின் வேகமும் ஆற்றின் வேகமும்

நாடுகளுக்கு மேலே ஆணையிடும் அரசு கிடையாது. மாநிலங்களுக்கு மேலே அரசியல் சட்டம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இருக்கிறது. அப்படியானால் நம் நாட்டில் நீர் உடன்படிக்கைகள் எளிதில் நிறைவேற வேண்டுமல்லவா? பாலாற்றின் கதை வேறு விடை கூறுகிறது.

குப்பத்தை அடுத்த கணேசபுரத்தில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 2006இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016இல் வாணியம்பாடியை அடுத்த புல்லூர் எல்லையருகே 5 அடி உயரமிருந்த தடுப்பணையை ஆந்திரம் 12 அடியாக உயர்த்தியது. பழைய கலிங்கல் வழக்கேதான்; மண்மூட்டைக்குப் பதில் காங்கிரீட்டு. தமிழ்நாடு மீண்டும் நீதிமன்றம் சென்றது. 2024 பிப்ரவரியில் குப்பம் பகுதியில் பாலாற்றின் குறுக்கே மேலும் ஒரு தேக்கத்துக்கு ஆந்திர அரசு அடிக்கல் நாட்டியது. 1892ஐச் சுட்டித் தமிழ்நாடு கண்டனம் தெரிவித்தது. முதல் வழக்குக்கும் இந்த அடிக்கல்லுக்கும் இடையே 18 ஆண்டுகள். அந்நாளில் பிறந்த குழந்தை கல்லூரிக்கு வந்துவிட்டது.

மாநிலங்களுக்கிடை ஆற்றுநீர்ப் பூசல்களைத் தீர்க்க அரசியல் சட்டத்தின் 262ஆம் பிரிவும், 1956ஆம் ஆண்டுச் சட்டமும் நடுவர் மன்றம் என்னும் வழியை வகுத்தன. காவிரிக்கு அது 1990இல் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. அரசிதழில் ஏற 2013 ஆயிற்று. உச்ச நீதிமன்றத்தின் முடிவு 2018 பிப்ரவரி 16இல் கிடைத்தது. இத்தனைக்கும் பின்னரே, 2018 ஜூனில், தீர்ப்பை நடத்திவைக்கும் மேலாண்மை ஆணையம் தோன்றியது. இன்று பிலிகுண்டுலு அளவு நிலையத்தில் ஓர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்ற கணக்கு இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. காவிரியில் பூசல் ஒழியவில்லை. ஆயினும் குறை எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. பாலாற்றில் அப்படிச் சொல்ல இன்றுவரை ஓர் எண் இல்லை.

தெலுங்கு கங்கை

இனி இரண்டாவது உடன்படிக்கைக்கு வருவோம். சென்னையின் தாகம் தீர்க்க, 1976 ஏப்ரலில் மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் 15 டி.எம்.சி. தர இசைந்தன. 1983 ஏப்ரல் 18இல் ஆந்திரமும் தமிழ்நாடும் விரிவான உடன்படிக்கை செய்தன. அப்போது ஆந்திரத்தின் முதல்வர் என். டி. ராமராவ், தமிழ்நாட்டின் முதல்வர் எம். ஜி. இராமச்சந்திரன். வழியிழப்பு 3 டி.எம்.சி. போக, எல்லையில் 12 டி.எம்.சி. சேர வேண்டும்: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4.

நீர் வரும் வழியைப் பாருங்கள். ஸ்ரீசைலத்தில் போத்திரெட்டிபாடு மதகில் புறப்பட்டு, வெலுகோடு, பிரம்மசாகரம், சோமசிலை, கண்டலேறு ஆகிய தேக்கங்களைக் கடந்து, கண்டலேற்றிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி, ஊத்துக்கோட்டை அருகே எல்லையைத் தொடுகிறது. அங்கிருந்து 25 கிலோமீட்டரில் பூண்டி ஏரி. எல்லையில் நீரை அளக்கும் இடத்துக்கு 'ஜீரோ பாயிண்ட்' என்று பெயர். 1996 செப்டம்பரில் முதல் நீர் அங்கே வந்தது.

இங்கே அளவு இருக்கிறது. இரு மாநிலப் பொறியாளர்களும் கூடிப் பேசும் குழுவும் இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான ஆண்டுகளில் 12 டி.எம்.சி. முழுமையாக வந்ததில்லை. காரணம் என்ன? கிருஷ்ணாவிலேயே நீர் குறைந்த ஆண்டுகள் உண்டு. மண்கரை சரிந்து கால்வாய் தூர்ந்ததும் உண்டு. வழியிலுள்ள உழவர் எஞ்சின் வைத்து இறைத்ததும் உண்டு. கண் முன்னே நீர் ஓட, தன் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த உழவனால் முடியும்? அவனைக் குற்றவாளி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. அவனுக்கு வேறு நீர் கொடுப்பதே தீர்வு.

இங்கு நடந்த ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. 2002 முதல் 2004 வரை புட்டபர்த்தியின் சத்ய சாயி அறக்கட்டளை தன் பொருட்செலவில் கண்டலேறு கால்வாயைச் சீரமைத்துக் கரையை வலுப்படுத்தியது. அதன்பின் நீர் வரவு மேம்பட்டது. அறிக்கைகளாலும் கண்டனங்களாலும் ஆகாதது, கரையைக் கட்டியதால் ஆயிற்று. கால்வாயைப் பேணுவதும் உடன்படிக்கையைப் பேணுவதே.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இக்கால்வாய் சென்னைக்கு மட்டும் உரியதன்று. ராயலசீமையிலும் நெல்லூரிலும் பாசனத்துக்கு அது பயன்படுகிறது. திருப்பதி நகரின் குடிநீருக்கும் தெலுங்கு கங்கை உதவுகிறது. நம் விடுதிக் குழாயும் சென்னைத் தெருக்குழாயும் ஒரே கால்வாயின் பிள்ளைகள்! மேலே இருப்பவருக்கும் பயன் இருப்பதால், கால்வாய் நன்றாக இருப்பதில் இருவருக்கும் அக்கறை உண்டு. அளவு, ஆள், அவை என்ற மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், அது ஆக்கம். இருவர்க்கும் ஆக்கம் தராத உடன்படிக்கை நீடிப்பதில்லை. பாலாற்று உடன்படிக்கையில் மேலே இருப்பவருக்குத் தடை மட்டுமே உண்டு. ஆக்கம் ஏதும் இல்லை.

நாடுகளுக்கிடையே

இந்த நான்கையும் கொண்டு நம் அண்டை நாடுகளை நோக்குவோம். 1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையெழுத்திட்ட சிந்து உடன்படிக்கை, கிழக்கே உள்ள மூன்று ஆறுகளை இந்தியாவுக்கும் மேற்கே உள்ள மூன்று ஆறுகளைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் பிரித்தது. நிலையான ஆணையம் ஒன்றை அமைத்தது. அங்கே தீராதது நடுநிலை வல்லுநரிடம் போகும். அல்லது நடுவர் மன்றத்துக்குப் போகும். பக்லிகார் அணையை 2007இல் வல்லுநரும், கிஷன்கங்கை அணையை 2013இல் நடுவர் மன்றமும் ஆராய்ந்து முடிவு சொன்னார்கள். 1965, 1971 போர்க் காலங்களிலும் அவ்வுடன்படிக்கை முறியவில்லை. ஆயினும் 2025 ஏப்ரலில், பகல்காம் தாக்குதலுக்குப் பின், இந்தியா அதனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒருவர் மட்டும் நிறுத்திவைக்கலாம் என்ற விதி அதில் இல்லை என்பது பாகிஸ்தானின் வாதம். அளவும் ஆளும் அவையும் இருந்தும், நம்பிக்கை அற்றபோது உடன்படிக்கை தள்ளாடுகிறது.

கங்கை நீர் குறித்து இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12இல் 30 ஆண்டுக்கு உடன்படிக்கை செய்தன. பராக்காவில் ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கு ஒரு கணக்கு: நீர்வரவு 70,000 கன அடி வரை இருந்தால் பாதிப் பாதி. இருநாட்டுக் குழுவும் சேர்ந்து அளக்கிறது. அங்கே கட்டாய நடுவர் மன்றம் இல்லை. ஆனாலும் குறைவு வந்தால் அதைப் பகிரும் விதி முன்பே எழுதப்பட்டிருக்கிறது. மழை பெய்த ஆண்டில் எந்த உடன்படிக்கையும் வாழும். மழை பொய்த்த ஆண்டுக்கு விதி எழுதியதே உண்மையான உடன்படிக்கை.

நம் கடமை

நீர் கேட்பவருக்கும் கடமை உண்டு. பாலாற்றில் மேலிருந்து நீர் வராதது ஒரு துயரம். வந்த நீரைத் தோல் பதனிடும் கழிவால் கெடுத்ததும், ஆற்று மணலை அள்ளி ஊற்றுக் கண்ணைக் குருடாக்கியதும் கீழே இருப்பவர் செய்த பிழைகள். வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே கடுமையாகத் தீர்ப்பளித்தது. 'எமக்கு வேண்டும்' என்று வழக்காடும் நீரை நாமே பேணாவிடின், நம் வாதத்தின் வலிமை குன்றும்.

மழைக் காலத்தில் நிலை தலைகீழாகிறது. பிச்சாட்டூர் தேக்கத்தைத் திறந்தால் ஆரணியாற்றில் வெள்ளம் ஊத்துக்கோட்டைக்கு வரும். கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நீர் பூண்டிக்கு வரும். அப்போது கீழே இருப்பவர் கேட்பது நீரையன்று, செய்தியை. மேலே திறந்த செய்தி உரிய நேரத்தில் கீழே எட்டினால் உயிர்கள் தப்பும். அத்தகைய செய்திப் பரிமாற்றம் பழக்கமாகிவிட்ட அதிகாரிகளுக்கு, கோடையில் நீரைப் பற்றிப் பேசுவதும் எளிதாகும்.

பாலாற்றுக்கு இன்று வேண்டுவது என்ன? எல்லையில், புல்லூர் அருகே, மூன்று மாநிலமும் ஏற்கும் ஓர் அளவு நிலையம். ஆண்டுக்கு இருமுறையேனும் கூடும் ஒரு குழு. காலவரையறை கொண்ட நடுவர் முறை. மேலே குப்பத்து உழவனுக்கும் கீழே வாணியம்பாடி உழவனுக்கும் பயன் தரும் ஒரு திட்டம். 1892ஆம் ஆண்டு ஏட்டைக் காத்தால் மட்டும் போதாது. அதில் எழுதாமல் விட்ட பக்கங்களை இன்று எழுத வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் தெலுங்கும் தமிழும் பேசும் எல்லை ஊர்களிலிருந்து வந்தவர்கள். பாலாற்றங்கரையில் உறவினர் உள்ளவரும், குப்பத்தில் நிலம் உள்ளவரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறோம். தலைமடையின் அச்சமும் கடைமடையின் ஏக்கமும் இரண்டும் நமக்குத் தெரியும். நாளை நம்மிடையே பொறியாளரும், வழக்கறிஞரும், வட்டாட்சியரும், செய்தியாளரும் தோன்றுவார்கள். அன்று அவர்கள் கையில் உடன்படிக்கை ஏடு வரும்போது, அதில் அளவு எங்கே, ஆள் எங்கே, அவை எங்கே, இருவர்க்கும் ஆக்கம் எங்கே என்று கேட்கட்டும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் இரு கரையிலும் இருப்பதே ஆற்றுநீர் உடன்படிக்கைக்கு உற்ற காவல்.